மதுரைக்குப் போகும் வழியில் சிங்கப்பூர்

பாலக்காட்டிலிருந்து ரயிலில் மதுரைக்குப் போகிறவருக்குக் குறுகிய வழி கொல்லங்கோடு, பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழிதான். இந்தப் பாதையில் கேரளத்தின் கடைசி நிலையம் மீனாட்சிபுரம். மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்துவதற்காகச் சில ஆண்டுகள் வண்டியே இல்லாமல் கிடந்து, 2015-ல் மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து சாலை வழியாக வரும் பால் வண்டிகளை நிறுத்திச் சோதித்துப் பார்ப்பதும் இந்த ஊரில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சிச் சந்தை. இந்தப் பக்கம் சித்தூர் தாலுகா. இரண்டு பக்கமும் தமிழ்ப் பேச்சு. இங்கே உத்தியோகம் பார்க்கும் குமாஸ்தா "லீவில் ஊருக்குப் போகிறேன்" என்று சொன்னால், சில சமயம் அது ஒரு பஸ் டிக்கெட்டோடு முடிந்துவிடும்.

பாரத ஸ்டேட் வங்கி ஊழியர் ஒருவர் மதுரைக்குப் போன விதம் வேறு. டில்லியில் புறப்பட்டார், மதுரைக்கு வந்தார். மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சிங்கப்பூர், மறுபடி கொழும்பு, அப்புறம் டில்லி. எல்.டி.சி. என்று எல்லோரும் சொல்லும் விடுப்புப் பயணச் சலுகையில் போன பயணம் இது. கட்டுக்கதை அல்ல, சுப்ரீம் கோர்ட்டு 2022 நவம்பர் 4-ந் தேதி அளித்த தீர்ப்பிலேயே இந்த வழி ஊர் ஊராக எழுதப்பட்டிருக்கிறது.

அவர் ஒருவர் மட்டுமல்ல. ராமேசுவரத்துக்கு மொரீஷியஸ் வழியாகப் போனவர்கள் உண்டு. மதுரைக்குத் துபாய், தாய்லாந்து வழியாக வந்தவர்கள் உண்டு. போர்ட் பிளேருக்கு மலேசியா, சிங்கப்பூர் வழியாகவும், இன்னும் ஒரு படி மேலே போய் ஐரோப்பா வழியாகவும் போயிருக்கிறார்கள். அந்தமானுக்குப் போகும் வழியில் ஐரோப்பா வருகிறது என்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்திலும் இல்லை.

சலுகை எதற்கு?

ஊழியர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. வருஷக் கணக்கில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேரேடு எழுதியவருக்கு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு முறையாவது விமானம் ஏறி வெளிதேசம் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பதில் தப்பில்லை. கையிலிருந்து கொடுத்துப் போக வசதியில்லை. ஆபீசு கொடுக்கும் பிரயாணச் சலுகை ஒன்று இருக்கிறது. அதில் உள்நாட்டு ஊர் ஒன்றைக் காட்டிவிட்டு, நடுவே இரண்டு வெளிநாட்டு ஊரைச் செருகிக் கொண்டார்கள். நாட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு உரிய கட்டணத்தைத்தானே கொடுத்தோம், ஊழியரும் குறித்த ஊருக்குப் போய்த்தானே வந்தார் என்பது வங்கியின் வாதம்.

கோர்ட்டு ஒப்புக் கொள்ளவில்லை. இந்தியாவுக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, மிகக் குறுகிய வழியில் போவதற்குத்தான் வரிவிலக்கு; வெளிநாட்டுக்கால் எடுத்து வைத்த உடனே அந்த விலக்கு போய்விட்டது என்றது. சுற்றி வளைத்த வழி, குறுகிய வழி ஆகாது. ஊழியர் எங்கே போனார் என்பது தெரியாது என்று வங்கி சொல்லவும் இடமில்லை. பில்லைத் தீர்க்கும்போது முழு விவரமும் அதன் கையில் இருந்தது. எனவே அந்தத் தொகைக்கு வருமான வரியைப் பிடித்திருக்க வேண்டும், பிடிக்காதது வங்கியின் தவறு என்று முடிந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் இந்தச் சலுகை வேண்டும் என்ற கோரிக்கையை ஆறாவது சம்பளக் கமிஷன் முன்பே மறுத்திருந்ததையும் தீர்ப்பு எடுத்துக் காட்டியது.

சம்பளக்காரருக்கு இதன் பொருள் என்ன? அறுபதாயிரம் ரூபாய் டிக்கெட் பணம் வாங்கியவர் இருபது சதவீத வரிக்காரரானால், மேல்வரியும் சேர்த்து 12,480 ரூபாய் கட்ட வேண்டி வரும். 2020-ல் வந்த புதிய வரி முறைக்கு மாறிக் கொண்டவர்களுக்கோ உள்நாட்டுப் பயணமானாலும் இந்த விலக்கே கிடையாது. இது தெரியாமல் பழைய நினைப்பில் பில் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மத்திய அரசின் எல்.டி.சி. டிக்கெட்டுக்கு மட்டுமே பணம் தரும். ஓட்டல் வாடகை, சாப்பாடு, ஊர் சுற்றும் டாக்சி எல்லாம் சொந்தச் செலவு. ஆகவே ஊட்டி, கன்னியாகுமரி போன்ற இடங்களில் சர்க்கார் விடுமுறை இல்லங்களில் அறை கிடைக்குமா என்று முதலில் பார்ப்பதுதான் குமாஸ்தா குடும்பத்தின் வழக்கம். கொரோனாக் காலத்தில், 2020 அக்டோபரில், பயணமே போகாமல் அந்தச் சலுகையைப் பணமாக வாங்கிக் கொள்ள ஒரு வழி செய்தார்கள். ஆனால் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கு, 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள சாமான்கள் வாங்கிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. ஊருக்குப் போவதற்குப் பதில் பிரிட்ஜ் வாங்கினார்கள்.

புதிய வாசல்

ஆபீசு வழி அடைபட்ட பிறகு இன்னொரு வாசல் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. கிரெடிட் கார்டு வாங்கினால் பாயிண்டு சேரும். பாயிண்டைக் கொடுத்தால் கோலாலம்பூரிலோ பாங்காக்கிலோ ஐந்து நட்சத்திர ஓட்டலில் இலவசமாகத் தங்கலாம். காலைப் பலகாரம், தனி லவுஞ்ச், மாலை நாலு மணி வரை அறையைக் காலி செய்யாமல் இருக்கும் வசதி எல்லாம் கிடைக்கும் என்கிறார்கள். பொய்யல்ல. ஆனால் யாருக்கு, எந்தக் கணக்கில் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பிறப்பிடம் அமெரிக்கா. அங்கே விமானக் கட்டணங்கள் மீதான சர்க்கார் கட்டுப்பாட்டை 1978-ல் எடுத்துவிட்டார்கள். கம்பெனிகளுக்குள் போட்டி முற்றியது. அடிக்கடி பறப்பவரைத் தன்னிடமே பிடித்து வைக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் மைல் கணக்குத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. இரண்டே வருஷத்தில் ஓட்டல்காரர்களும் பிடித்துக் கொண்டார்கள்: 1983-ல் ஹாலிடே இன், அதே ஆண்டில் மாரியட், 1987-ல் ஹில்டன். மாரியட் 2016-ல் ஸ்டார்வுட் கம்பெனியை வாங்கி, 2019-ல் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து 'பான்வாய்' என்று பெயர் வைத்தது. இன்று அதில் மட்டும் இருபது கோடிக்கு மேல் உறுப்பினர்கள்.

மளிகைக் கடைக்காரர் வாடிக்கைக்காரருக்குத் தீபாவளியன்று ஒரு பொட்டலம் இனிப்புக் கொடுப்பது பழைய வழக்கம். பதினொரு மாதம் கட்டினால் பன்னிரண்டாம் மாதம் கடைக்காரர் போடும் நகைச்சீட்டும் தெரிந்த விஷயமே. நகைச்சீட்டில் கட்டிய பணம் நகையாக வருகிறது. பாயிண்டில் அப்படி இல்லை. செலவழித்த பணம் செலவழித்ததுதான். அதன் நிழலில் ஒரு சின்னத் துணுக்கு திரும்பி வருகிறது. அந்தத் துணுக்கின் மதிப்பை நிர்ணயிப்பவர் கொடுத்தவரே, வாங்கியவர் அல்ல.

குமாஸ்தா கணக்கு

இந்தியாவில் ஓட்டல் கம்பெனியோடு சேர்ந்து ஒரு வங்கி வெளியிட்ட முதல் கார்டு, 2023 ஆகஸ்டில் எச்.டி.எப்.சி. வங்கி கொண்டு வந்த மாரியட் கார்டு. அறிமுகத்தின்போது ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய். வரியோடு 3,540. அதற்கு ஈடாக 15,000 பாயிண்டு வரை மதிப்புள்ள ஓர் இரவு தங்கும் சீட்டு. மாரியட் ஓட்டலில் செலவு செய்தால் 150 ரூபாய்க்கு 8 பாயிண்டு. பிரயாணம், ஓட்டல் சாப்பாடு போன்றவற்றுக்கு 4. மற்றச் செலவுகளுக்கு 2.

சம்பளக்காரரின் செலவெல்லாம் 'மற்றச் செலவு'தான். அரிசி, பருப்பு, பிள்ளையின் பள்ளிக்கூட ஷூ. 150 ரூபாய்க்கு 2 பாயிண்டு என்றால், 15,000 பாயிண்டு சேர 11 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டும். மாதம் இருபதாயிரம் ரூபாய் கார்டில் தேய்ப்பவருக்கு இது நாலரை வருஷத்துக்கு மேல் ஆகும் வேலை. கிடைப்பது ஓர் இரவு!

ஆகவே இந்தக் கார்டில் சாமானியருக்கு உண்மையாக உதவுவது பாயிண்டு அல்ல. ஆண்டுக் கட்டணத்துக்குப் பதிலாக வரும் அந்த ஓர் இரவுச் சீட்டுதான். அதை இலவசம் என்று சொல்வதைவிட, 3,540 ரூபாய்க்கு முன்கூட்டியே வாங்கிய அறை என்று சொல்வதே பொருந்தும். எட்டாயிரம், பத்தாயிரம் வாடகையுள்ள அறைக்கு அது செல்லுபடியாகி, குறித்த காலத்துக்குள் லீவும் கிடைத்து, விமான டிக்கெட்டுக்கும் கையில் பணம் இருந்தால் லாபம். லீவு கிடைக்காவிட்டால் சீட்டு காலாவதி. மேலதிகாரி லீவு கொடுக்கும் தேதியும் ஓட்டல்காரர் அறை கொடுக்கும் தேதியும் ஒன்றாக வருவது எத்தனை அபூர்வம் என்பது ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு மாதம் கார்டு பாக்கியை முழுவதும் கட்டாமல் விட்டால் கதை வேறு. பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் வரை வட்டி ஏறுகிறது. இருபதாயிரத்துக்கு மாதம் எழுநூறு ரூபாய். அந்த இருபதாயிரத்தைச் செலவழித்துக் கிடைத்த பாயிண்டு 266. முப்பது சதவீதத்துக்கு மேல் வருஷ வட்டி வாங்குவது முறைகேடு என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்துவிட்டது. வட்டிக்கு அந்த வேலி இப்போது இல்லை.

யார் காசில் யார் தங்குகிறார்?

அப்படியானால் லவுஞ்சில் உட்கார்ந்து பழரசம் குடிக்கிறவர்கள் யார்? பான்வாய் திட்டத்தில் காலைப் பலகாரம், லவுஞ்ச், நாலு மணிச் சலுகை முதலியன 'பிளாட்டினம்' தகுதிக்கு உரியவை. அதற்கு ஒரே ஆண்டில் ஐம்பது இரவுகள் கணக்கில் சேர வேண்டும். கைக்காசு கொடுத்து வருஷத்தில் ஐம்பது நாள் ஓட்டலில் படுப்பவர் எத்தனை பேர்? பெரும்பாலும் கம்பெனி வேலையாக ஊர் ஊராகப் போகும் அதிகாரிகளே. வாடகை கம்பெனியுடையது, பாயிண்டு அவருடையது. கம்பெனி காசில் சேர்ந்த பாயிண்டில் மனைவி மக்களோடு பாலித் தீவுக்குப் போய் வருகிறார்.

ஜெர்மனியில் இது பெரிய விவகாரமாயிற்று. உத்தியோகப் பயணத்தில் சேர்ந்த விமான மைல்களைச் சொந்தப் பயணத்துக்கு உபயோகித்தது வெளியானதும், 2002 ஜூலையில் கிரீன் கட்சியின் செம் ஓஸ்டெமிர் கட்சிப் பொறுப்பை விட்டார். பெர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சராக இருந்த கிரிகோர் கீஸி பதவியையே ராஜிநாமா செய்தார். இந்திய அரசும் இதில் கண்டிப்பு. அலுவல் பயணத்தில் கிடைக்கும் மைல் பாயிண்டுகளை அலுவல் பயணத்துக்கே உபயோகிக்க வேண்டும், சொந்தத்துக்கு எடுத்தால் துறை நடவடிக்கை வரும் என்பது நிதி அமைச்சகத்தின் உத்தரவு. தனியார் கம்பெனிக்காரருக்கு இந்தக் கட்டு இல்லை.

ஓட்டல் முதலாளிக்குப் பாயிண்டு விருந்தாளியால் என்ன கிடைக்கிறது என்பதும் தெரிந்து கொள்ளத்தக்கது. பெயர்ப் பலகை ஒரு கம்பெனியுடையது. கட்டடம் பெரும்பாலும் வேறொருவருடையது. அறைகள் நிறையக் காலியாக இருக்கும் நாளில், பாயிண்டில் வந்தவருக்காகக் கம்பெனி கட்டடக்காரருக்குக் கொடுப்பது சொற்பத் தொகை; அறையைத் துடைத்து விரிப்பு மாற்றும் செலவை ஒட்டியே இருக்கும். ஓட்டல் ஏறக்குறைய நிரம்பிய நாளில்தான் வழக்கமான வாடகையை ஒட்டிய பணம் தருகிறது. வரவேற்பு மேஜையில் இருக்கும் சிப்பந்தி பெரிய அறை கேட்கும் பாயிண்டுக்காரரிடம் சிரித்த முகத்தோடு "இல்லை" என்பதற்கு இது ஒரு காரணம்.

விலைப்பட்டியலும் நிரந்தரமல்ல. இத்தனை பாயிண்டுக்கு இந்த ஓட்டல் என்று மாரியட் வைத்திருந்த பட்டியல் 2022 மார்ச்சில் கைவிடப்பட்டது. இப்போது வாடகை ஏறினால் பாயிண்டும் ஏறும். ஹில்டன் 2017-லேயே அப்படிச் செய்துவிட்டது. ஐந்து வருஷம் சேர்த்துக் கொண்டே இருப்பவர், எட்டாத கிளையிலுள்ள மாங்காய்க்குத் துரட்டி கட்டிக் கொண்டிருக்கையில் மரமும் வளர்வதைப் பார்ப்பார். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியபோது, அதில் மைல் சேர்த்து வைத்திருந்தவர்களின் கணக்கு வேறு பெயரில் நீடித்தது. ஏறுவதற்கு அந்த விமானம்தான் இல்லை.

பாஸ்போர்ட்டும் பத்து ரிங்கிட்டும்

இவ்வளவுக்கும் பிறகு ஓர் இரவுச் சீட்டோடு ஒரு குடும்பம் புறப்பட்டுவிட்டது என்று வைத்துக் கொள்ளலாம். கோலாலம்பூரில் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே மெஜஸ்டிக் என்றொரு ஓட்டல் உண்டு. 1932-ல் திறந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தங்கிய இடம். எதிர்ச் சாரியில் தண்டவாள வேலைக்கு வந்த தமிழர்கள் இந்தக் கட்டடத்தின் வாசல்படியை மிதித்திருக்க நியாயமில்லை. 1984 முதல் 1998 வரை தேசிய ஓவியக் கூடமாக இருந்து, 2012-ல் மறுபடி ஓட்டலாகி, மாரியட் வரிசையில் சேர்ந்தது. இப்போது அந்த வாசலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். கார்டு இருந்தால் போதும்.

நுழைந்த பிறகு கவனிக்க வேண்டியவை சில. அறை இலவசமானாலும், வெளிநாட்டாரிடம் மலேசியா 2017 செப்டம்பர் முதல் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறது. துபாயில் 2014 முதலே ஓட்டலின் தரத்துக்கு ஏற்ப 7 முதல் 20 திர்ஹம். சேதாரத்துக்கு ஈடாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். அது திரும்பி வரச் சில நாட்கள் பிடிக்கும். ரூபாய்க் கார்டை வெளிநாட்டில் உபயோகித்தால் பல வங்கிகள் மூன்றரை சதவீதம் வரை மாற்றுக் கூலி பிடிக்கின்றன. அறையிலுள்ள குட்டிப் பிரிட்ஜில் இருக்கும் கடலைப் பொட்டலம் இலவசச் சீட்டில் அடங்காது. பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

மேஜையில் நீட்டும் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. மாரியட் வாங்கிய ஸ்டார்வுட்டின் முன்பதிவுக் கணக்குக்குள் திருடர்கள் வருஷக் கணக்கில் புகுந்திருந்தது 2018 நவம்பரில் வெளியாயிற்று. சுமார் 38 கோடிப் பதிவுகள் வரை சம்பந்தப்பட்டிருந்தன. அவற்றில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பாஸ்போர்ட் எண்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தவை. பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020 அக்டோபரில் 1 கோடியே 84 லட்சம் பவுன் அபராதம் போட்டார்.

அரசு ஊழியரானால் சொந்தக் காசிலே போனாலும் வெளிநாட்டுக்கு முன் அனுமதி வேண்டும். இலவச அறைதானே என்று சொல்லாமல் போய்விட்டு, திரும்பி வந்து விளக்கக் கடிதம் எழுதிக் கொண்டிருக்கக் கூடாது.

தெரியாத சலுகை

இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளையாவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஓட்டல் வேலையில் இருக்கிறான். சமையற்கட்டு, சலவைப் பிரிவு, அறை சுத்தம், சாமான் தூக்குதல். அவனுக்கு உள்ள ஒரு சலுகை ஊரில் அநேகருக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. மாரியட்டில் 'எக்ஸ்புளோர்' என்று அதற்குப் பெயர். அந்தக் குழுமத்தின் ஊழியர், வேறு ஊரில் உள்ள அதே குழுமத்து ஓட்டலில் பெரிதும் குறைந்த வாடகைக்குத் தங்கலாம். பெற்றோர், மனைவி, பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அறை காலி இருக்க வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்து, ஊழியர் என்பதற்கான அத்தாட்சிப் படிவம் காட்ட வேண்டும். வேறு பெரிய குழுமங்களிலும் இது மாதிரி ஏற்பாடுகள் இருக்கின்றன. நாலரை வருஷம் அரிசி பருப்பு வாங்கிப் பாயிண்டு சேர்ப்பதைவிட, மகனிடம் ஒரு போன் செய்து "உங்கள் ஓட்டலில் இது உண்டா?" என்று கேட்பது சுலபம். பிறர் படுக்கையை விரித்துக் கொடுக்கும் கையால் தாய் தகப்பனுக்கு ஓர் இரவு அதே மாதிரிப் படுக்கை போட்டுக் கொடுக்க முடிந்தால், அது கார்டுக்காரரின் லவுஞ்சுக்குக் குறைந்ததல்ல.

எல்.டி.சி.யை இதற்காக விட்டுவிட வேண்டாம். மத்திய அரசு ஊழியருக்கு நாலு வருஷத் தொகுதியில் இரண்டு முறை சொந்த ஊர்ப் பயணம் உண்டு. அதில் ஒன்றை இந்தியாவில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் எட்டு வருஷம் மூன்று தடவை சொந்த ஊர், நாலாம் தடவை இந்தியாவில் எங்கும். பயணத்தோடு பத்து நாள் வரை ஈட்டிய விடுப்பைப் பணமாக மாற்றலாம். பணிக்காலம் முழுவதற்கும் அறுபது நாள். இதில் பலர் வாங்காமலே விடும் பணம் இருக்கிறது. விமான டிக்கெட்டை அங்கீகரிக்கப்பட்ட ஏஜெண்டுகளிடம்தான் எடுக்க வேண்டும் என்ற விதியை மறந்து, மலிவாகக் கிடைத்ததென்று வேறிடத்தில் வாங்கி, பில் திரும்பி வந்தவர்களும் உண்டு.

சேர்ந்த புதிதில் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் இருக்கும். வேலை பார்க்கும் ஊரையே அதில் எழுதிவிட்டவருக்குச் சொந்த ஊர்ப் பயணச் சலுகை கிடையாது. பாலக்காட்டில் வேலை, பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் என்றால் அதைத்தான் எழுத வேண்டும். அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டவர்கள் ஆபீசில் கேட்டுத் திருத்திக் கொள்ளலாம்; ஆனால் பணிக்காலம் முழுவதற்கும் ஒரே ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள்.